கயிறு கழன்றால் மோட்டார் நிற்குமா? சிறு படகின் கில் சுவிட்ச் வயரிங் – ஒரு விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் படகு வைத்திருக்கும் நம்மவர்களிடையே ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. சிவப்புச் சுருள் கயிறோடு ஒரு கில் சுவிட்சைக் கடையில் வாங்கி வருகிறார்கள். ஓட்டுநர் படகிலிருந்து விழுந்தால், அவர் உடம்பில் மாட்டிய கயிறு கழன்று மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் இது. ஒருவர் படகில் அது ஒழுங்காக வேலை செய்கிறது. அதே சுவிட்சை இன்னொருவர் மாட்டினால் மோட்டார் ஸ்டார்ட்டே ஆவதில்லை. கயிற்றைப் பிடுங்கினால் ஸ்டார்ட் ஆகிறது! தலைகீழாக நடக்கிறதே, சுவிட்ச் மட்டமான சரக்கு என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அதற்கப்புறம் அந்தப் படகு கில் சுவிட்ச் இல்லாமலேயே கடலுக்குப் போகிறது.

சுவிட்சில் கோளாறு இல்லை. மோட்டாரை நிறுத்த ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு வழிகள் இருக்கின்றன. சுவிட்ச் ஒரு வழிக்கானது, மோட்டார் இன்னொரு வழியில் ஓடுகிறது. அவ்வளவுதான். ஆனால் இந்த இரண்டு வழிகளும் பழுதாகும் விதம் வேறு வேறு. அதைப் புரிந்துகொள்ளாமல் வயரை மட்டும் மாட்டிவிட்டுப் போவதில்தான் ஆபத்து இருக்கிறது.

இந்தச் சுவிட்ச் எதற்கு

1860 நவம்பரில் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் டர்பனுக்கு வந்தது. ஒப்பந்தம் முடித்தவர்களில் ஒரு பகுதியினர் மீன்பிடிக்குத் திரும்பினார்கள். டர்பன் விரிகுடாவிலும் சாலிஸ்பரி தீவிலும் குடியிருந்து, துடுப்புப் படகில் கரைவலையை எடுத்துச் சென்று வளைத்தார்கள். அந்தப் படகிலிருந்து துடுப்புப் போடுகிறவர் தவறி விழுந்தால் படகும் அங்கேயே நின்றுவிடும். தள்ளும் கையே படகில் இல்லை அல்லவா?

மோட்டார் படகு அப்படி நிற்காது. ஓட்டுநர் விழுந்த பிறகும் விசை அப்படியே இருக்கும். 20 நாட் வேகம் என்றால் நொடிக்குச் சுமார் 10 மீட்டர். அதைவிட மோசமானது, படகு நேராகப் போய்த் தொலைவதில்லை. புரொப்பெல்லர் சுழலும் விசையே பிடியில்லாத கைப்பிடியை ஒரு பக்கம் தள்ளிவிடும். படகு வட்டமடிக்கத் தொடங்கும். விழுந்தவர் மிதந்துகொண்டிருக்கும் இடத்துக்கே அது திரும்பத் திரும்ப வரும். புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2400 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 40 சுற்று. மூன்று இதழ் என்றால் நொடிக்கு 120 வெட்டு.

2013 மே மாதம் இங்கிலாந்தின் பாட்ஸ்டோ அருகே நடந்தது இதுதான். ஒரு குடும்பத்தின் ஆறு பேரும் வேகப் படகிலிருந்து தூக்கி எறியப்பட்டார்கள். ஆளில்லாத படகு சுற்றிச் சுற்றி வந்து அவர்கள் மேலேயே ஏறியது. தந்தையும் எட்டு வயது மகளும் இறந்தார்கள். கில் சுவிட்ச் கயிறு அந்தப் படகில் இருந்தது. ஓட்டியவர் உடம்பில் மாட்டப்படவில்லை. அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகள் பெரும்பாலானவற்றில் இந்தக் கயிற்றை மாட்டிக்கொண்டுதான் வேகமாக ஓட்ட வேண்டும் என்பது 2021 ஏப்ரல் 1 முதல் சட்டம்.

நிறுத்த இரண்டு வழிகள்

பெட்ரோல் மோட்டார் ஓடுவதற்குப் பிளக்கில் பொறி வேண்டும். பொறி போனால் மோட்டார் நிற்கும். அந்தப் பொறிக்கான மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம்.

1. மோட்டார் தானே மின்சாரம் தயாரித்துக்கொள்ளும் வகை. படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்ட் மோட்டார்கள் பெரும்பாலும் இப்படித்தான். மோட்டாரோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தில் இருக்கும் காந்தம் சுழன்று சுருளில் மின்சாரத்தை உண்டாக்கும். அது இக்னிஷன் பெட்டிக்குப் போய்ப் பொறியாகும். பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் இது ஓடும். ஆகவே பேட்டரி வயரைத் துண்டித்து இதை நிறுத்த முடியாது. இக்னிஷன் பெட்டியிலிருந்து வரும் 'ஸ்டாப் வயர்' ஒன்றை எர்த்தோடு சேர்க்க வேண்டும். மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் எர்த்துக்கு ஓடிவிடும், பொறி செத்துவிடும். அதாவது கயிறு கழன்றதும் சுவிட்ச் மூட வேண்டும், இரண்டு முனைகளையும் இணைக்க வேண்டும்.

2. பேட்டரி மின்சாரத்தில் பொறி வரும் வகை. கார் என்ஜினை மாற்றிப் படகுக்குள் வைத்த பழைய பெட்ரோல் என்ஜின்கள் பலவும் இப்படி. சாவியிலிருந்து 12 வோல்ட் ஒரு வயரில் இக்னிஷன் காயிலுக்குப் போகும். அந்த வயரை நடுவில் வெட்டிச் சுவிட்சைக் கோர்க்க வேண்டும். கயிறு கழன்றதும் சுவிட்ச் திறக்க வேண்டும், இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

முதல் வகையில் சுவிட்ச் சாவிக்குப் பக்கவழியாக, ஸ்டாப் வயருக்கும் எர்த்துக்கும் இடையில் நிற்கிறது. இரண்டாம் வகையில் சாவிக்குப் பின்னால் தொடராக நிற்கிறது. 'திறந்தால் நிற்கும்' சுவிட்சைக் கொண்டுபோய் ஸ்டாப் வயரில் மாட்டினால், கயிறு மாட்டியிருக்கும் வரை மோட்டார் எர்த் ஆகியே இருக்கும். அதனால்தான் கயிற்றைப் பிடுங்கினால் ஸ்டார்ட் ஆகிறது.

எந்தச் சுவிட்ச் எது என்று கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். 'பீப்' ஒலிக்கும் நிலையில் வைத்து இரண்டு முனைகளையும் தொடுங்கள். கயிறு கழற்றியிருக்கும்போது ஒலித்தால் முதல் வகைக்கானது. மாட்டியிருக்கும்போது ஒலித்தால் இரண்டாம் வகைக்கானது. சில சுவிட்சுகளில் இரண்டு ஜோடி முனைகளும் இருக்கும். எந்த ஜோடி என்று பார்த்து மாட்டினால் போதும்.

சத்தமில்லாமல் சாகும் சுவிட்ச்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க உங்களுக்கு நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

பேட்டரி வகையில் எந்த வயர் அறுந்தாலும், எந்த இணைப்பு துருப்பிடித்தாலும் மோட்டார் நின்றுவிடும். தொல்லைதான். ஆனால் பழுது உடனே தெரிந்துவிடும்.

அவுட்போர்ட் வகையில் ஸ்டாப் வயரிலிருந்து கில் சுவிட்சுக்குப் பிரியும் வயர் அறுந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. மோட்டார் ஒரே கிக்கில் ஸ்டார்ட் ஆகும், முழு வேகத்தில் ஓடும், கரைக்குத் திரும்பி வரும். சாவியின் வழி தனியாக இருப்பதால் சாவியைத் திருப்பினாலும் ஒழுங்காக நிற்கும். ஆனால் கயிறு கழன்றால் நிற்காது. அது எப்போது தெரியும்? ஓட்டுநர் தண்ணீரில் கிடக்கும்போது.

ஒரு நல்ல படகின் கன்சோலை, அதாவது ஸ்டீயரிங் பொருத்திய பெட்டியை, திறந்து பாருங்கள். சுவிட்சிலிருந்து வரும் வயரின் மேலுறை புத்தம் புதிதாக இருக்கும். நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி உறையைச் சீவினால் உள்ளே செம்பு கறுத்துப்போய், விரலில் தேய்த்தால் கரிப்பொடி போல் உதிரும். உப்புத் தண்ணீர் செம்பு இழைகளுக்கு நடுவே திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறிவிடுகிறது. வெளியே பார்த்து எவராலும் இதைச் சொல்ல முடியாது. தென்னாப்பிரிக்காவின் 2007ஆம் ஆண்டு சிறு கலங்கள் பாதுகாப்பு விதிகளின்படி ஆண்டுக்கொரு முறை படகுக்குத் தகுதிச் சான்று வாங்குகிறோம். அந்தச் சான்று பரிசோதனை நடந்த நாளுக்குத்தான் உறுதி சொல்ல முடியும். அதற்கடுத்த வாரம் அறுந்த வயருக்கு யார் பொறுப்பு?

ஆக, அவுட்போர்ட் மோட்டாரில் வயரிங் செய்வது பாதி வேலை. அது உயிரோடு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்ப்பது மீதிப் பாதி.

வயரிங் செய்யும்போது

சிறிய கைப்பிடி மோட்டார்களில், மத்தி ஓடும் பருவத்தில் கரைவலையை இழுத்துப் போகும் படகுகளில் இருப்பது போன்றவற்றில், சுவிட்ச் மோட்டார் முகப்பிலேயே வந்துவிடும். வயரிங் தேவையில்லை, கயிறு மட்டும் போதும். கீழே சொல்வது ஸ்டீயரிங்கும் கன்சோலும் உள்ள படகுகளுக்கு.

1. ஸ்டாப் வயர் எது என்று மோட்டாரின் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். யமஹாவில் பொதுவாக வெள்ளை. மெர்க்குரியில் கறுப்பில் மஞ்சள் கோடு. இரண்டிலும் வெறும் கறுப்பு எர்த். மெர்க்குரியின் கறுப்பு–மஞ்சளை வெறும் கறுப்பு என்று நினைத்து மாட்டுகிறவர்கள் உண்டு. அழுக்குப் படிந்த வயரைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள்.

2. ஸ்டாப் வயரில் எக்காரணம் கொண்டும் 12 வோல்ட்டைக் கொடுக்காதீர்கள். இக்னிஷன் பெட்டி கருகிவிடும். அதன் விலை சுவிட்சின் விலையைப் போலப் பல மடங்கு.

3. எர்த்தை மோட்டாரின் எர்த்திலிருந்தே தனி வயராகக் கொண்டு வாருங்கள். கார் வயரிங் செய்து பழகியவர்கள் சறுக்கும் இடம் இது. காரில் எங்கே ஒரு திருகை முடுக்கினாலும் எர்த் கிடைக்கும். ஃபைபர் படகில் அந்தத் திருகு பிளாஸ்டிக்கில்தான் இறங்குகிறது. சுவிட்ச் எதையும் எர்த் செய்யாது. அலுமினியப் படகில் உடம்பை எர்த்தாக்கினால் சுவிட்ச் வேலை செய்யக்கூடும், ஆனால் மின்சாரம் கசிந்து அலுமினியத்தை அரிக்கும்.

4. ஈயம் பூசிய பல இழைச் செம்பு வயர் வாங்குங்கள். படகுச் சாமான் கடைகளில் கிடைக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் தடிமன் போதும். ஸ்டாப் வயரில் ஓடும் மின்சாரம் மிகக் குறைவு. இந்தத் தடிமன் அதிர்வைத் தாங்குவதற்காக.

5. ஓடுவது குறைவு என்றாலும் அழுத்தம் குறைவில்லை. பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார்களின் ஸ்டாப் வயரில் நூற்றுக்கணக்கான வோல்ட் துடிப்பு இருக்கும். ஈரமான சுவிட்ச் வழியாக அது கொஞ்சம் கசிந்தாலே மோட்டார் இருமத் தொடங்கும். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி அலுத்துப்போகிறவர்கள் முதலில் கில் சுவிட்ச் வயரைக் கழற்றிவிட்டு, படகைக் கட்டிப்போட்ட நிலையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். இருமல் நின்றால் குற்றவாளி சுவிட்ச்தான். பார்த்து முடித்ததும் வயரை மறக்காமல் திரும்ப மாட்டுங்கள்.

6. இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். நம் வெயிலில் டேப்பின் பசை ஒரு கோடைக்குள் இளகிக் கழன்றுவிடும். முனைகளை அழுத்தும் கருவியால் அழுத்தி, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயை மேலே ஏற்றிச் சூடு காட்டுங்கள். சுவிட்சுக்குள் நுழையும் முன் வயர் ஒருமுறை கீழே தொங்கி மேலே ஏறட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

7. சுவிட்சை முழங்கால் இடிக்காத இடத்தில், ஸ்டீயரிங்கில் கயிறு சிக்காத பக்கத்தில் வையுங்கள். எந்தத் திசையில் இழுத்தாலும், கயிற்றின் நுனியில் சுவிட்சோடு மாட்டும் கிளிப் கழல வேண்டும். பக்கவாட்டில், மேல்நோக்கி, பின்நோக்கி என்று மூன்று விதமாகவும் இழுத்துப் பாருங்கள்.

பேட்டரி வகைக்கு இரண்டு சொற்கள். வழியில் ஃபியூஸ் கட்டாயம். அப்புறம், இக்னிஷன் எடுக்கும் மின்சாரத்தைச் சுவிட்ச் தாங்குமா என்று பாருங்கள். சந்தேகமிருந்தால் நடுவில் ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்) வைத்து, சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கட்டும். கணினி வைத்த புது ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார்களில் எந்த வயரையும் வெட்டாதீர்கள். அந்தக் கம்பெனியின் சுவிட்சும் வயர்க்கட்டும் தனியாகக் கிடைக்கும்.

இரண்டு மோட்டார், ஒரு கயிறு

கரையிலிருந்து அலையைத் தாண்டிக் கடலுக்குப் போக 1940களில் டர்பனில் பிறந்த ஸ்கீ போட் வகை மீன்பிடிப் படகுகளில் பெரும்பாலும் இரண்டு மோட்டார்கள் இருக்கும். அலையை உடைத்துக்கொண்டு போகும்போது ஒன்று நின்றாலும் இன்னொன்று காப்பாற்றும் என்பதற்காக. ஆனால் ஓட்டுநர் ஒருவர்தான். அவர் விழுந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும்.

இங்கே ஒரு குறுக்கு வழி எல்லோருக்கும் தோன்றும்: இரண்டு ஸ்டாப் வயர்களையும் முறுக்கி ஒரே சுவிட்சில் மாட்டிவிடலாமே? கூடாது. அப்படிச் செய்தால் ஒரு மோட்டாரின் துடிப்பு இன்னொன்றின் இக்னிஷனுக்குள் போகும். இடது சாவியை அணைத்தால் வலதும் நிற்கும். ஒரு மோட்டாரின் ஸ்டாப் வயர் எங்காவது உரசி எர்த் ஆனால் இரண்டும் சேர்ந்து போகும். உயிர்காக்கத்தான் இரண்டாவது மோட்டார்; அதையே இந்த முறுக்கு பறித்துவிடுகிறது.

சரியான வழி, ஒன்றையொன்று தொடாத இரண்டு ஜோடி முனைகள் உள்ள சுவிட்ச். ஒரு கயிறு, ஒரு பொத்தான், உள்ளே இரண்டு தனித்தனிச் சுவிட்சுகள். செய்து முடித்ததும் இரண்டையும் ஓடவிட்டு இடது சாவியை மட்டும் அணையுங்கள். வலது துளிகூடத் தடுமாறக் கூடாது. மறுபடி வலதுக்கும் அதே சோதனை. அப்புறம் இரண்டும் ஓடும்போது கயிற்றைப் பிடுங்குங்கள்.

டீசல் என்றால்

டீசலில் பொறியே கிடையாது, ஆகவே மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. எண்ணெயை நிறுத்த வேண்டும். அதற்கான மின்காந்த வால்வில் இரண்டு வகை: மின்சாரம் கொடுத்தால் அடைப்பது, மின்சாரம் போனால் அடைப்பது. கில் சுவிட்சுக்கு இரண்டாவது நல்லது. பேட்டரி செத்தாலும் வயர் அறுந்தாலும் என்ஜின் நிற்கும்.

"அலையில் கழன்றால் என்ன செய்வது?"

இது நியாயமான கேள்வி. பார்க் ரைனியின் ராக்கி பே, உம்கோமாஸ், வெட்ச்சஸ் போன்ற இடங்களில் கடலில் இறங்கியவர்களுக்கு இந்தப் பயம் தெரியும். கரையோரத் தண்ணீரில் படகைத் திருப்பித் திருப்பிக் காத்திருந்து, அலைக்கூட்டத்துக்கு நடுவே இடைவெளி கிடைத்ததும் விசையைத் திறக்கிறோம். படகு அலையின் முதுகில் ஏறி அந்தரத்தில் தொங்கி, தடாலென்று விழுகிறது. அந்த நேரத்தில் கயிறு எதிலாவது சிக்கிக் கழன்றால், மோட்டார் செத்த படகு அடுத்த அலைக்குக் குறுக்கே கிடக்கும். கவிழலாம். "அதனால்தான் பேக்லைன் (அலைகள் உடையத் தொடங்கும் எல்லை) தாண்டிய பிறகு மாட்டுவேன்" என்கிறார்கள் சில ஸ்கிப்பர்கள்.

ஆனால் ஆள் தூக்கி எறியப்படுவதற்கு அதிக வாய்ப்புள்ள இடமும் அதே அலைதான். அங்கே தண்ணீரில் நீந்துகிறவர்களும் இருப்பார்கள். மோட்டார் நின்ற படகு கவிழ்ந்தால் ஆள் நனைவார், அடிபடுவார்; ஆளில்லாமல் முழு வேகத்தில் சுற்றும் படகிடம் தப்புவது அதைவிட மிகக் கடினம். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. தவறிக் கழல்வதைத் தடுக்க வழிகள் உள்ளன:

கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் முழங்காலுக்கு மேல் தொடையைச் சுற்றியோ, லைஃப் ஜாக்கெட்டின் வளையத்திலோ மாட்டுங்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும் கை கயிற்றையும் இழுத்துக்கொண்டே இருக்கும். தொடை அப்படி அலையாது. சுருள் கயிறு நின்ற இடத்தில் அசைய இடம் தரும் நீளம் இருந்தால் போதும்.

கிளிப்புக்குப் பதிலாகப் பொத்தானுக்குக் கீழே கேபிள் டை இறுக்கியோ, ரப்பர் துண்டு செருகியோ ஓட்டுவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். கிளிப் தொலைந்த அன்று தற்காலிகமாகச் செய்த ஏற்பாடு நாலு வருஷம் அப்படியே கிடக்கும். படகு வாங்கும்போது பார்க்கிறவர் கண்ணுக்கு அங்கே ஒரு சுவிட்ச் இருப்பதாகத்தான் தெரியும்.

இறக்குவதற்கு முன் அரை நிமிடம்

மோட்டாரைத் தண்ணீர் இல்லாமல் ஓட்டக் கூடாது. உள்ளே தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரம் நொடிகளில் கெட்டுவிடும். ஆகவே வீட்டில் குழாய் மாட்டி ஓட்டும்போதோ, கரையோரம் போதிய ஆழத்திலோ இதைச் செய்யுங்கள்.

1. நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து மெதுவாக ஓடவிடுங்கள்.
2. சாவியைத் தொடாமல் கயிற்றைப் பிடுங்குங்கள். மோட்டார் உடனே நிற்க வேண்டும். தயங்கி, இருமி நின்றால் எங்கோ இணைப்பு அரைகுறை. அன்றைக்குக் கடலுக்குப் போகாதீர்கள்.
3. கிளிப் கழன்ற நிலையிலேயே ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஓடக் கூடாது.
4. கிளிப்பை மாட்டி மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.

கிளிப்பின் பிளாஸ்டிக்கையும் விரலால் வளைத்துப் பாருங்கள். வெயிலில் வெளுத்து மொறுமொறுவென்று ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, பலர் மறந்துவிடும் ஒன்று. ஓட்டுநர் விழும்போது கிளிப்பும் கயிறும் அவரோடு தண்ணீருக்குள் போய்விடும். படகில் மீதி இருப்பவர்கள் அவரை எடுக்க வேண்டும். கிளிப் இல்லாமல் மோட்டார் ஸ்டார்ட் ஆகாது. ஆகவே உதிரி கிளிப் ஒன்று படகிலேயே, பூட்டில்லாத இடத்தில், கன்சோலுக்குள் ஒரு கொக்கியில் தொங்கட்டும். கூட வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் கரையிலேயே அதைக் காட்டி, கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வந்துவிட்டு மாட்டி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். தண்ணீரில் இருப்பவரின் பக்கம் வரும்போது மோட்டாரை மறுபடி அணைத்துவிட வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.